147573952589676412927: ஒரு பேரெண்ணை வைத்து ஆல்பெர்ட்ரான் கணிப்பானைச் சோதித்த மதிப்புரை

பத்தாம் வகுப்புக் கணிதப் பாடத்தில் எண்ணியலின் அடிப்படைத் தேற்றம் வருகிறது. 1-ஐ விடப் பெரிய எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும் என்பது அதன் சாரம். அதை நடத்தும்போது 360, 1080 போன்ற எண்களைக் கரும்பலகையில் பிரித்துக் காட்டுவது வழக்கம். இந்த ஆண்டு ஒரு மாணவி, இருபது இலக்க எண்ணையும் இப்படிப் பிரித்துவிட முடியுமா என்று கேட்டாள். முடியும் என்று தேற்றம் உறுதி சொல்கிறது, ஆனால் எப்படிப் பிரிப்பது என்று அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை மாணவர்களுக்குக் காட்டுவதற்கு ஒரு நல்ல கருவி தேவைப்பட்டது. அப்படித் தேடிக் கண்டடைந்ததுதான் ஆல்பெர்ட்ரான் என்ற இணையதளத்திலுள்ள முழு எண் காரணிப்படுத்தும் கணிப்பான். சில வாரங்கள் அதைப் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கையில் இருக்கும் கருவிகள் ஏன் போதவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பத்து இலக்கத் திரையுள்ள கணிப்பானில் 2-இன் 67-ஆவது அடுக்கைக் கணக்கிட்டால் முன்னிலக்கங்கள் சிலவும் பத்தின் அடுக்கு ஒன்றும்தான் கிடைக்கும், மீதி இலக்கங்கள் தெரியாது. அலுவலகங்களில் பயன்படும் விரிதாள் மென்பொருள் பொதுவாக 15 இலக்கங்கள் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். அதற்கு மேலுள்ள இலக்கங்களைச் சத்தமில்லாமல் பூச்சியங்களாக்கிவிடும். அறிவியல் கணக்குக்கு இது போதும். ஓர் எண்ணின் வகுத்திகளை ஆராய்பவருக்கோ கடைசி இலக்கம் ஒன்று மாறினாலும் அது வேறொரு எண். அந்த எண்ணின் குணங்களுக்கும் முந்தைய எண்ணின் குணங்களுக்கும் எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை.

ஆல்பெர்ட்ரானை உருவாக்கியவர் ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த டாரியோ ஆல்பெர்ன். பல ஆண்டுகளாக இணையத்தில் இருந்துவரும் இக்கருவிக்குக் கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, மின்னஞ்சல் முகவரியும் கேட்பதில்லை. மூல நிரலும் வெளிப்படையாகக் கிடைக்கிறது. கணக்கீடு முழுவதும் நம்முடைய உலாவியிலேயே நடக்கிறது, தொலைவிலுள்ள சேவையகம் எதிலும் நடப்பதில்லை. இதனால் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை என்பது நன்மை. கணக்கின் வேகம் நம் கணினியின் திறனைப் பொறுத்தது என்பதும், கடினமான எண்ணைக் கொடுத்தால் கைபேசி கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடேறுகிறது என்பதும் தொல்லை.

சோதனைக்கு நான் எடுத்துக்கொண்ட முதல் எண் தலைப்பில் இருக்கிறது. 2-ஐ 67 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 21 இலக்க எண் அது. நம் வழக்கப்படி வாசித்தால் 14,75,739 கோடி கோடியே 52,58,967 கோடியே 64,12,927. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் வரலாறு. பிரெஞ்சுத் துறவி மாரன் மெர்சென் 1644-இல் வெளியிட்ட ஒரு பட்டியலில், 2-இன் எந்தெந்த அடுக்குகளிலிருந்து ஒன்றைக் கழித்தால் பகா எண் கிடைக்கும் என்று 257 வரை எழுதி, அதில் 67-ஐயும் சேர்த்திருந்தார். 1876-இல் எதுவார் லூக்கா அது பகா எண் அல்ல என்று காட்டினார். ஆனால் அதன் காரணி ஒன்றைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. இது புதிதாகக் கேட்பவருக்கு விந்தையாகத் தோன்றும்: வீட்டுக்குள் ஆள் இருக்கிறார் என்று திண்ணமாகத் தெரியும், யார் என்று மட்டும் தெரியாது. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் என்பவர்தான் அந்தக் காரணிகளை அறிவித்தார். அவர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பலகையின் ஒரு பக்கத்தில் 2-இன் 67-ஆவது அடுக்கைக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்தார் என்றும், மறுபக்கத்தில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கிக் காட்டிவிட்டுத் தன் இருக்கைக்குத் திரும்பினார் என்றும், அவையே எழுந்து கைதட்டியது என்றும் ஒரு கதை வழங்கிவருகிறது. இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று பின்னர் கேட்டபோது "மூன்றாண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள்" என்று அவர் சொன்னதாகவும் அக்கதை முடியும். கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருக்கிறதோ, அந்தப் பெருக்கலில் மட்டும் எந்த மெருகும் இல்லை.

ஆல்பெர்ட்ரானில் இந்த எண்ணை 21 இலக்கமாகத் தட்ட வேண்டியதில்லை. 2^67-1 என்று எழுதினாலே போதும். பொத்தானை அழுத்திக் கண் இமைப்பதற்குள் விடை வந்துவிட்டது. காரணிகள் கோல் சொன்ன அதே இரண்டு. அவற்றோடு இந்த எண்ணுக்கு 4 வகுத்திகள் உண்டு என்பதும், அவ்வகுத்திகளின் கூட்டுத்தொகை 147573953351708377936 என்பதும், இந்த எண்ணுடன் 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாத, அதனினும் சிறிய எண்கள் எத்தனை என்று சொல்லும் ஆய்லர் மதிப்பு 147573951827644447920 என்பதும், வர்க்கக் காரணி இல்லாத எண்ணில் பகாக் காரணிகளின் எண்ணிக்கை இரட்டையானால் 1, ஒற்றையானால் -1 என்று காட்டும் மோபியஸ் மதிப்பு 1 என்பதும் அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன.

இவற்றுக்குக் கீழே வரும் கடைசி வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கொடுத்த எண்ணை வர்க்கங்களின் கூட்டலாக எழுதிக் காட்டும் வரி அது. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்குள் எழுதிவிட முடியும் என்று லக்ராஞ்சு 1770-இல் நிறுவினார். சில எண்களுக்கு இரண்டு போதும், சிலவற்றுக்கு மூன்று வேண்டும். 8-ஆல் வகுக்கும்போது மீதி 7 வரும் எண்களுக்கு மூன்று ஒருபோதும் போதாது. 2-இன் 67-ஆவது அடுக்கு 8-ஆல் மீதியின்றி வகுபடும் என்பதால், ஒன்றைக் கழித்த நம் எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 7 வந்தே தீரும். ஆகவே கணிப்பான் நான்கு வர்க்கங்களைக் காட்டியது. கருவி நான்கைக் காட்டியதற்கு இந்தக் காரணத்தை எழுதிப் பார்த்தால், ஒரு வகுப்பு நேரம் முழுவதற்கும் பாடம் அதற்குள் இருக்கிறது. கணிப்பானோ காரணத்தைச் சொல்வதில்லை. அது விடையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

விடை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு கருவியை மதிப்பிடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். காரணிப்படுத்தலில் ஒரு பெரும் வசதி என்னவென்றால், விடை கிடைப்பதுதான் கடினம், கிடைத்ததைச் சரிபார்ப்பது மிக எளிது. மாணவர்களிடம் 193707721-ஐயும் 761838257287-ஐயும் கொடுத்துத் தாளில் பெருக்கச் சொன்னேன். பெரும்பாலோர் ஒரு பாடவேளைக்குள் முடித்துவிட்டார்கள். அதற்கு முன்பே இலக்கங்களைக் கூட்டி ஒன்பதை ஒதுக்கிப் பார்க்கும் பழைய சோதனையையும் செய்தோம். முதல் காரணியின் இலக்கக் கூட்டல் 37, அது 10 ஆகி 1 ஆகிறது. இரண்டாவதன் கூட்டல் 64, அதுவும் 1 ஆகிறது. மூல எண்ணின் கூட்டல் 109, அதுவும் 1. இந்தச் சோதனையால் மட்டும் பெருக்கல் சரி என்று முடிவு கட்டிவிட முடியாது, ஆனால் பொருந்தாவிட்டால் தவறு என்று உடனே தெரிந்துவிடும். இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. 2-இன் பகா அடுக்கு ஒன்றிலிருந்து 1-ஐக் கழித்து வரும் எண்ணின் ஒவ்வொரு பகாக் காரணியும், அந்த அடுக்கின் இருமடங்கைக் கொண்டு வகுத்தால் மீதி 1 தர வேண்டும். இங்கே 134-ஐ 1445580-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டினால் முதல் காரணி அப்படியே வருகிறது. கோல் கண்டபடி எல்லாப் பகா எண்களையும் தேடவில்லை, இத்தகைய வடிகட்டிகளை வைத்துத்தான் தேடினார் என்பது இதிலிருந்து புரியும்.

அடுத்து, எண்ணின் பருமனுக்கும் அதைப் பிரிக்கும் சிரமத்துக்கும் என்ன உறவு என்று பார்க்க விரும்பினேன். 1 முதல் 100 வரையுள்ள எண்களையெல்லாம் பெருக்கி வரும் 158 இலக்க எண்ணை, 100-க்கு அருகில் ஓர் ஆச்சரியக்குறி இட்டுக் கொடுத்தேன். நொடியும் ஆகவில்லை, 2-இன் 97-ஆவது அடுக்கு, 3-இன் 48-ஆவது அடுக்கு, 5-இன் 24-ஆவது அடுக்கு என்று தொடங்கி 97 வரையிலான 25 பகா எண்களும் வரிசையாக வந்து நின்றன. பிறகு, மெர்சென் தன் பட்டியலில் சேர்க்க மறந்த பகா எண்களில் இரண்டை, அதாவது 2-இன் 89-ஆவது அடுக்கிலிருந்தும் 107-ஆவது அடுக்கிலிருந்தும் ஒன்றைக் கழித்து வருபவற்றைப் பெருக்கி, 60 இலக்க எண் ஒன்றைக் கொடுத்தேன். 158 இலக்கத்தை நொடியில் விழுங்கிய கருவி, 60 இலக்கத்தில் நின்று மூச்சு வாங்கியது. மேசைமேல் இருந்த தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டது என்றாலும், அந்த வேறுபாடு மாணவர்கள் முகத்தில் தெரிந்தது. பெரிய எண் என்பதால் ஓர் எண் கடினமாவதில்லை, அதன் காரணிகள் எல்லாமே பெரியவையாக இருந்தால்தான் கடினமாகிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கருவிக்குள் இருக்கும் முறைகளில் இருக்கிறது. முதலில் சிறிய பகா எண்களால் வகுத்துப் பார்க்கிறது. அதன் பிறகு நீள்வட்ட வளைவரை முறை வருகிறது. ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா 1980-களில் கண்டுபிடித்த இந்த முறையின் சிறப்பு, அது எடுத்துக்கொள்ளும் நேரம் மூல எண்ணின் நீளத்தைவிட அதில் ஒளிந்திருக்கும் மிகச் சிறிய காரணியின் நீளத்தைத்தான் பெரிதும் பொறுத்திருக்கிறது என்பது. ஒவ்வொரு வளைவரையும் ஒரு தூண்டில் போல. ஒன்றில் அகப்படாத காரணி அடுத்ததில் அகப்படலாம், எத்தனையாவதில் அகப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. திரையில் வளைவரைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது, குளக்கரையில் உட்கார்ந்திருப்பவரின் மனநிலை நமக்கு வந்துவிடும். காரணிகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருந்தால் தூண்டிலை விட்டுவிட்டு வலையை எடுக்க வேண்டும். கார்ல் பொமரன்ஸ் 1981-இல் முன்வைத்த இருபடிச் சல்லடை என்ற முறையின் மேம்பட்ட வடிவம் ஒன்று அதற்காக இக்கருவியில் இருக்கிறது. இது காரணியின் நீளத்தைப் பார்ப்பதில்லை, மூல எண்ணின் நீளத்தை மட்டும் பார்க்கும். ஆகவே இது எப்போது முடியும் என்று ஓரளவு மதிப்பிட முடியும்.

இனி, நம்பிக்கை பற்றிய கேள்விக்கு வருகிறேன். கருவி ஓர் எண்ணைக் காரணிகளாகப் பிரித்துக் கொடுத்தால், பெருக்கிப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்கிறோம். ஆனால் கொடுத்த எண் பகா எண் என்று சொல்லிவிட்டால் எதைப் பெருக்கிப் பார்ப்பது? பெருக்கல் சரியாக இருந்தாலும், 761838257287 மேலும் பிரியாது என்பதற்கு என்ன சாட்சி? இந்த இடத்தில் நாம் கருவியின் சொல்லை அப்படியே ஏற்க வேண்டியிருக்கிறது. இது வெறும் சந்தேகம் அன்று. பகாத் தன்மையைச் சோதிக்கும் எளிய முறைகள் ஏமாறக்கூடியவை. ஃபெர்மாவின் சோதனை என்று ஒன்று உண்டு. கொடுத்த எண்ணில் ஒன்று குறைத்து, அத்தனையாவது அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, மூல எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. 2 அல்லாத எல்லாப் பகா எண்களும் இதில் தேறும். தேறுபவை எல்லாம் பகா எண்களா என்றால் இல்லை. நம் 21 இலக்க எண்ணே இதற்குச் சான்று. அது பகு எண், ஆனால் 2-ஐ வைத்துச் செய்யும் இந்தச் சோதனையில் கோட்டுவாத்தியக்காரர் மீட்டுவதுபோல் வழுக்கிக்கொண்டு தேறிவிடும். இதைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனையையும் 2, 3, 5, 7 என்ற நான்கு அடிமானங்களிலும் ஏமாற்றும் எண்களில் மிகச் சிறியது 3215031751. அதையும் கொடுத்துப் பார்த்தேன். தயக்கமே இல்லாமல் 151 × 751 × 28351 என்று பிரித்துக் கொடுத்தது. இந்த அளவு எண்களில் கருவி வழுக்காது என்று அதன் பிறகு எனக்கு நிம்மதி ஏற்பட்டது. நூற்றுக்கணக்கான இலக்கமுள்ள எண்ணைப் பகா எண் என்று ஏதேனும் கருவி சொல்லும்போது, அது நிறுவலா அல்லது மிக உயர்ந்த நிகழ்தகவா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அதை நிறுவப்பட்ட உண்மையாக எழுத வேண்டும்.

கருவியின் மறுபக்கத்தை, அதாவது அது சொல்லாமல் விடுவதை, 293318625600 என்ற எண்ணை வைத்துச் சோதித்தேன். 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இந்த எண்ணுக்கு ஒரு தனிக் கதை உண்டு. தனக்குக் கீழேயுள்ள எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகளைக் கொண்ட எண்ணை உயர் பகு எண் என்று சொல்லலாம். 12, 24, 36, 48, 60 ஆகியவை தொடக்க எடுத்துக்காட்டுகள். இவற்றைப் பற்றி இராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை 1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அப்போது கழகம் பண நெருக்கடியில் இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் தங்கிவிட்டது. அது குறிப்புகளோடு முழுமையாக வெளிவந்தது 1997-இல்தான். அக்கட்டுரையில் 10080 வகுத்திகளைக் கொண்ட 6746328388800 வரையிலான உயர் பகு எண்களின் பட்டியலைக் கையாலேயே கணக்கிட்டுக் கொடுத்திருந்தார். அந்த நீண்ட பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டுப்போயிற்று. அதுதான் 293318625600.

ஆல்பெர்ட்ரான் இதை 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 என்று பிரித்து, 5040 வகுத்திகள் என்று சொல்லி, வர்க்கக் காரணிகள் இருப்பதால் மோபியஸ் மதிப்பைப் பூச்சியம் என்று காட்டியது. எல்லாம் சரி. உயர் பகு எண்களில் பகா எண்கள் 2-லிருந்து இடைவெளியின்றி வர வேண்டும், அடுக்குகள் ஏறக்கூடாது, 4-ஐயும் 36-ஐயும் தவிர மற்றவற்றில் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகவே இருக்க வேண்டும் என்று இராமானுஜன் காட்டிய இலக்கணத்துக்கும் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்ற அடுக்கு வரிசை பொருந்துகிறது. இதற்கு முந்தைய உயர் பகு எண்ணான 240940299600-ஐக் கொடுத்தால் 4800 வகுத்திகள் என்றும், அடுத்ததான 321253732800-ஐக் கொடுத்தால் 5376 என்றும் வருகின்றன. ஆனால் இந்த மூன்றும் உயர் பகு எண்கள் என்ற செய்தி திரையில் எங்கும் இல்லை. இருக்கவும் முடியாது. காரணிகள், வகுத்திகளின் கூட்டல், ஆய்லர் மதிப்பு எல்லாம் ஓர் எண்ணைத் தனியே எடுத்துப் பிரித்தால் தெரிந்துவிடும் குணங்கள். உயர் பகு எண் என்பதோ அண்டை அயலாரோடு ஒப்பிட்டால் மட்டுமே புலப்படும் குணம். ஆல்பெர்ட்ரான் முதல் வகைக்கான கருவி, இரண்டாம் வகைக்கு அன்று. எல்லாரும் முதலில் தட்டிப் பார்க்கும் 1729-க்கும் இதே நிலைதான். 7 × 13 × 19 என்று வரும். 36, 17, 12 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டுவது போன்று மூன்று வர்க்கங்களில் எழுதிக் காட்டும். இரண்டு விதமாக இரண்டு கனங்களின் கூட்டலாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்ற, அந்த எண்ணுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த குணத்தைப் பற்றி வாய் திறக்காது.

அந்த இரண்டாம் வகைச் செய்திகளுக்கு நீல் சுலோன் 1964-இல் தொகுக்கத் தொடங்கி, 1996 முதல் இணையத்தில் வளர்ந்துவரும் முழு எண் தொடர்வரிசைகளின் கலைக்களஞ்சியத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே ஓர் எண்ணை இட்டால் அது எந்தெந்த வரிசைகளில் இடம்பெற்றிருக்கிறது என்று தெரியவரும். ஆனால் அது தேடித் தரும் களஞ்சியம், கணக்கிட்டுத் தரும் கருவி அன்று. யாரும் இதுவரை சீண்டியிராத ஒரு முப்பது இலக்க எண்ணை இட்டால் அங்கே எதுவும் கிடைக்காது. நான் இப்போது இரண்டையும் அடுத்தடுத்த சாளரங்களில் திறந்து வைத்துக்கொள்கிறேன்.

சொல்லாமல் விடுவதைச் சொன்னேன், எதிர்பாராமல் சொல்வதையும் சொல்ல வேண்டும். இக்கருவியில் எண்ணுக்குப் பதிலாகச் சில சார்புகளையும் எழுதலாம். அடைப்புக்குறிக்கு முன் ஆங்கில எழுத்து எஃப் இட்டால் ஃபிபொனாச்சி எண், எல் இட்டால் லூக்கா எண், பி இட்டால் பிரிவினை எண். பிரிவினை எண் என்பது ஒரு முழு எண்ணை, வரிசையைப் பொருட்படுத்தாமல், எத்தனை விதமாகக் கூட்டலாக எழுதலாம் என்ற எண்ணிக்கை. 4-ஐ ஐந்து விதமாக எழுதலாம். 5-ஆல் வகுத்தால் மீதி 4 வரும் எல்லா எண்களுக்கும் இந்த எண்ணிக்கை 5-ஆல் வகுபடும் என்று இராமானுஜன் 1919-இல் வெளியான கட்டுரையில் காட்டினார். 99-ஐக் கொடுத்தேன். பிரிவினை எண் 169229875. காரணிகளில் 5-இன் மூன்றாம் அடுக்கு இருந்தது. 24-ஐயும் 99-ஐயும் பெருக்கினால் 2376, அதை 125-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படி மீதி 1 வரும் இடங்களில் 125-ஆல் வகுபடும் என்ற ஆழமான முடிவுக்கு அது எடுத்துக்காட்டு. 4, 9, 14, 19 என்று மாணவர்களே ஒவ்வொன்றாகக் கொடுத்து, ஒவ்வொரு விடையிலும் 5 தலைகாட்டுவதைப் பார்த்தபோது வகுப்பில் எழுந்த கூச்சலைத் தலைமை ஆசிரியர் வந்து அடக்க வேண்டியதாயிற்று. இந்த ஒரு வசதிக்காகவே கருவிக்கு என் மதிப்பீட்டில் ஒரு மதிப்பெண் கூடுதல்.

குறைகளும் இருக்கின்றன. பக்கத்தின் மொழி ஆங்கிலம் அல்லது ஸ்பானியம், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆய்லர் மதிப்பு, மோபியஸ் மதிப்பு என்ற வரிகளை ஆசிரியர்தான் விளக்க வேண்டும். இலக்கங்களை ஆறு ஆறாகப் பிரித்துக் காட்டுவது இன்னொரு சங்கடம். மூன்று மூன்றாகப் பிரிப்பதற்கும் பழகியிருக்கிறோம், லட்சம் கோடி என்று பிரிப்பதற்கும் பழகியிருக்கிறோம், ஆறு ஆறாக வாசிக்க யாருக்கும் பழக்கமில்லை. அமைப்புகளில் அதை மாற்றிக்கொள்ளலாம் என்பதை நான் காலம் கடந்துதான் கவனித்தேன். பக்கத்தின் தோற்றம் எளியது, அழகு பார்த்து அமைத்ததன்று. ஆனால் கணக்கைத் தவிர வேறெதிலும் கவனம் போகாது என்பதால் அதை நான் குறையாக எண்ணவில்லை.

ஒரு வரம்பை மட்டும் வாங்குபவர், அதாவது இலவசமாக எடுத்துக்கொள்பவர், முன்பே அறிந்திருக்க வேண்டும். இரண்டு நீண்ட பகா எண்களைப் பெருக்கி வந்த எண்ணாக இருந்தால், 60 இலக்கத்துக்கு மேல் பத்துப் பத்தாக ஏறும்போது காத்திருக்கும் நேரம் நொடியிலிருந்து நிமிடத்துக்கும் நிமிடத்திலிருந்து மணிக்கும் தாவும். இது உலாவியின் பலவீனம் அன்று, கணிதத்தின் இயல்பு. 1977-இல் சவாலாக அறிவிக்கப்பட்ட 129 இலக்க எண் ஒன்றைப் பிரிக்க 1994-இல் சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை எட்டு மாதங்கள் அளவில் ஓடவிட வேண்டியிருந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த 250 இலக்க எண் ஒன்று 2020-இல் பிரிக்கப்பட்டபோது, கணினிச் செயலியின் ஒற்றைக் கருவில் ஓட்டியிருந்தால் ஏறத்தாழ 2700 ஆண்டுகள் ஆகியிருக்கும் அளவு உழைப்பு தேவைப்பட்டது. 617 இலக்கமுள்ள இன்னொன்று இன்றுவரை யாருக்கும் வசப்படவில்லை. இணையவழிப் பணப் பரிமாற்றத்தைக் காக்கும் பூட்டுகளில் பலவும் இந்த இயலாமையை நம்பித்தான் மாட்டப்பட்டிருக்கின்றன.

பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்கும், எண்களோடு விளையாடும் பழக்கமுள்ளவர்களுக்கும் இக்கருவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஐந்துக்கு நான்கரை கொடுக்கலாம். விடைக்கான காரணத்தை ஒரு வரியிலாவது சுட்டியிருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன். கேள்வி கேட்ட மாணவி, தன் குடும்பத்தினரின் கைபேசி எண்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து எது பகா எண் என்று பார்த்திருக்கிறாள். பத்து இலக்க எண்களில் ஏறத்தாழ இருபத்து மூன்றுக்கு ஒன்றுதான் பகா எண்ணாக இருக்கும் என்று சொன்னேன். மறுநாள் சித்தப்பா, பெரியப்பா, அத்தைமார் என்று பத்தொன்பது எண்களை எழுதிக்கொண்டு வந்து, இதுவரை ஒன்றும் அகப்படவில்லை, இன்னும் நான்கு பேரைத் தேட வேண்டும் என்றாள்.